காளிமுத்துவுக்குச் சைக்கிள் ஏது?

செந்தூல் பேரன் | இரவு 9.12

போன வாரம் என் கதையை இங்கே போட்டேன். படிக்காதவர்களுக்குச் சுருக்கம். 1941, மலாயாவில் கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். காளிமுத்து மரம் சீவுகிறவன். பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) பிந்தி வந்தால் திட்டு வாங்குவான், கள்ளுக்கடையில் பற்று வைத்திருப்பான், வேறொரு விசேஷமும் கிடையாது. ஒரே ஒரு விநோதம்: சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவனாக இறங்கினால்தான் உண்டு. நாலு தண்டல் (வேலை மேற்பார்ப்பவர்கள்) சேர்ந்து இழுத்தாலும் அசையமாட்டான். துரை, அதாவது வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகி, எதிரே வந்தால் கூலிக்காரன் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது அன்றைய தோட்டத்து வழக்கம். காளிமுத்து ஒருநாள் இறங்கவில்லை. அங்கிருந்து கதை.

இதற்குக் கீழே ‘கணக்கப்பிள்ளை’ என்கிற மகான் எழுதிவிட்டுப் போனதை அப்படியே தருகிறேன்:

“நாளுக்கு 50 காசு வாங்கிய மரம் சீவுகிறவனுக்குச் சைக்கிள் ஏது? முதல் பக்கமே பொய். சைக்கிளே இல்லாதவனுக்குச் சைக்கிள் சக்தி எதற்கு? நம் ஆட்களுக்கு வரலாறும் தெரியாது, கற்பனையும் வராது.”

இதற்கு ஊரே கைதட்டல் வேறு. வானத்தில் பறக்கிறவனை இவர்கள் நம்புவார்கள். கண்ணிலிருந்து தீ வருகிறவனை நம்புவார்கள். தமிழன் சைக்கிள் ஓட்டினால் மட்டும் ரசீது கேட்பார்கள். பதில் சொல்லட்டும்.

கணக்கப்பிள்ளை | 9.31

மகான் வந்துவிட்டேன்.

ரசீதுதான் கேட்கிறேன், அதிலென்ன தப்பு? நாள் கூலி 50 காசு. மாதம் 26 நாள் வேலை என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், 13 வெள்ளி (வெள்ளிக்கு 100 காசு). மழை பெய்தால் மரம் சீவ முடியாது, பேர் (அன்றைய நாள் கணக்கு) கிடையாது, அதைக்கூடக் கழிக்கவில்லை. அதில் அரிசி, உப்பு புளி, கடைப்பற்று, ஊருக்கு மணியார்டர், கோயில் வரி. நீங்களே கள்ளுக்கடைக் கடனையும் சேர்த்துவிட்டீர்கள். மிச்சம் எவ்வளவு?

காளிமுத்து முதல் வரியிலேயே சைக்கிளில் வருகிறான். யாருடைய சைக்கிள்? வாங்கினானா, இரவலா, திருடினானா? ஒரு வரி இல்லை. சக்தியை நான் நம்பத் தயார். சைக்கிளைத்தான் நம்ப முடியவில்லை.

பட்டர்வொர்த் பாலா | 9.38

சாமி வந்து ஆடுகிறவனை நம்புவோம், அவன் கட்டியிருக்கிற வேட்டிக்குக் கடன் யார் கொடுத்தது என்று கேட்போம். கேஎல் (கோலாலம்பூர்) ஆட்களுக்கு எப்பவும் இந்தக் கணக்குத்தான்.

ஆயர் ஈத்தாம் அம்மணி | 9.44

கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு ஒரு திருத்தம். நீங்கள் போட்ட 13 வெள்ளி ஆம்பளைக் கணக்கு. 1928-இல் நிர்ணயித்தபோதே ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. அதே மரம், அதே உளி, அதே வாளி. கதையில் பெண்பிள்ளை ஒருத்தி வருகிறாளா என்று தேடினேன். கஞ்சிக் கலயத்தோடு ஒருத்தி வந்து அழுதுவிட்டுப் போகிறாள். சைக்கிளைவிட அதுதான் எனக்கு உறுத்துகிறது.

கணக்கப்பிள்ளை | 9.47

அம்மா, நீங்கள் சொல்வது என் பக்கத்துக்குத்தான் பலம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் கூலியைச் சேர்த்தாலும் சைக்கிள் வராது.

ஆயர் ஈத்தாம் அம்மணி | 9.48

நான் உங்கள் பக்கம் பேசவில்லை.

செந்தூல் பேரன் | 10.02

சரி, வரலாறு கேட்டீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. முன்னால் நின்றவர்களில் ஒருவர் ஆர். எச். நாதன், தமிழ் நேசனில் வேலை பார்த்த பத்திரிகைக்காரர். தொழிலாளர் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி. பிள்ளைகளுக்குப் படிப்பு. தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும். எங்கள் பெண்களிடம் வாலாட்டக்கூடாது. வெளியாட்கள் வந்து எங்களைப் பார்க்கத் தடை கூடாது. இவற்றோடு ஒன்று: துரை முன்னால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லும் வழக்கம் ஒழிய வேண்டும்.

இப்போது சொல்லுங்கள். சைக்கிளே இல்லாதவன் எதற்கு அந்தக் கோரிக்கையை வைத்தான்? இல்லாத குதிரையை விட்டு இறங்கமாட்டேன் என்று எவனாவது வேலைநிறுத்தம் செய்வானா? மே மாதம் நாதனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள், பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. சுட்டதில் ஐந்து தொழிலாளிகள் செத்தார்கள். சிலாங்கூரில் அவசரநிலை போட்டார்கள். இவ்வளவும் ஒரு பொய்ச் சைக்கிளுக்காகவா?

கணக்கப்பிள்ளை | 10.15

அருமை. இவ்வளவும் எனக்கும் தெரியும். கோரிக்கையில் சைக்கிள் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கோரிக்கைப் பட்டியல் ஒரு வட்டாரத்துக்கே ஆனது. அதில் சைக்கிள் வைத்திருந்தவனும் உண்டு, வைத்திராதவனும் உண்டு. நான் கேட்டது காளிமுத்துவை. கள்ளுக்கடையில் கடன் வைத்திருக்கிற, பெரட்டுக்குப் பிந்துகிற, 50 காசு காளிமுத்துவிடம் இருந்த சைக்கிள் யாருடையது?

பட்டியலைக் காட்டி ஆளைத் தப்பவிடாதீர்கள்.

ராத்திரி ஷிப்ட் | 10.21

வணக்கம், நான் இங்கே புதுசு, பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் வேலை. கதை நல்லா இருந்துச்சு அண்ணே. ஒரு சந்தேகம். சக்தி ஆள்கிட்ட இருக்கா, சைக்கிள்ல இருக்கா? அந்தச் சைக்கிளை நான் எடுத்து ஓட்டினா என்னையும் இறக்க முடியாதா? பின்னாடி கேரியர்ல ஒருத்தர் உட்கார்ந்தா அவருக்கும் சேர்த்தா? அப்புறம் மரம் சீவ இறங்கித்தானே ஆகணும், அப்போ தண்டல் வந்து பிடிச்சா?

கணக்கப்பிள்ளை | 10.24

தம்பி, முதலில் சைக்கிள் யாருடையது என்று தெரியட்டும். பிறகு கேரியரில் யார் உட்காரலாம் என்று பார்ப்போம்.

செந்தூல் பேரன் | 10.30

தம்பி, உங்கள் கேள்வி நல்ல கேள்வி, இரண்டாம் பாகத்தில் வரும். இப்போதைக்கு இந்த ஆளுக்கு முடித்துவிடுகிறேன்.

ஐயா, அந்தக் காலத்தில் ஜப்பான் சைக்கிள் மலாயாவில் மலிவாக வந்து குவிந்திருந்தது. அதே 1941 டிசம்பரில் கோத்தா பாருவிலும் தாய்லாந்துக் கரையிலும் இறங்கிய ஜப்பான் பட்டாளம் தெற்கே சைக்கிளிலேயே வந்தது. பழுதானால் உதிரிப் பாகம் வழி நெடுக ஊர்க்கடைகளிலேயே கிடைத்தது, ஏனென்றால் ஊரில் நிறைய ஓடியது அவர்கள் வண்டிதான். டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். ராத்திரியில் அந்தச் சத்தத்தைக் கேட்டு டாங்கி வருகிறது என்று எதிர்ப்பட்டாளம் பயந்தது. ஜனவரி 11-ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. ஏழெட்டு மாசத்துக்கு முன்னால் ‘இறங்கு’ என்று சொன்ன துரைமார் அன்று எந்த ஜப்பான்காரனையாவது ‘இறங்கு’ என்று சொன்னார்களா?

பட்டர்வொர்த் பாலா | 10.33

இது!! இதைக் கதையில் வைங்கண்ணே. துரை காடியில், அதான் காரில், சிங்கப்பூருக்குப் பறக்கிறார், பின்னாலேயே சைக்கிள் வருது.

கணக்கப்பிள்ளை | 10.41

அது ஜப்பான்காரன் சைக்கிள். காளிமுத்து சைக்கிள் யாருடையது?

மலிவு மலிவு என்கிறீர்களே, எத்தனை வெள்ளி? விலை சொல்லுங்கள். 13 வெள்ளியில் கழித்துக் காட்டுங்கள். ரிம் சத்தம், டாங்கி, கோத்தா பாரு, எல்லாம் சுவாரசியம். நான் கேட்டது ஒரே கேள்வி.

கிராணி வீட்டுப் பிள்ளை | 10.52

நான் சைக்கிள் சண்டைக்கு வரவில்லை. கதையில் கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) என்று ஒருவர் வருகிறார், யாழ்ப்பாணத்தார், கண்ணாடி, குடை, எந்நேரமும் வெற்றிலை எச்சில், துரைக்கு வால். எங்கள் வீட்டுத் தாத்தா இப்படித்தான் என்று நினைக்கிறீர்களா? எழுதினால் துரை கொடியவன், கிராணி அவனைவிடக் கொடியவன், கூலிக்காரன் தெய்வம். சலித்துவிட்டது. கங்காணி யார்? அவர் எந்த ஊர்? சொந்த ஊரிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு வந்து தலைக்காசு வாங்கியவர் யாழ்ப்பாணத்தாரா? உங்கள் கதையில் கங்காணி மட்டும் நல்லவராக வருகிறாரே, அவர் ஆசிரியரின் உறவா?

செந்தூல் பேரன் | 10.58

குத்துகிற இடத்தில் குத்தியிருக்கிறது போல. அதே கோரிக்கைப் பட்டியலில் கொடுமை செய்யும் தோட்ட அலுவலர்களை நீக்கித் தமிழ் படித்தவர்களை வை என்றும் இருக்கிறது. நான் எழுதவில்லை, வேலைநிறுத்தம் செய்தவர்கள் எழுதியது. பேர் புத்தகத்தில் அரைப்பேர் போட்டது யார் கை? துரையா உட்கார்ந்து எழுதினார்?

கிராணி வீட்டுப் பிள்ளை | 11.04

கை எங்களுடையது, கட்டளை யாருடையது? நீங்கள் எல்லாம் வரலாறு பேசுகிறீர்களே, 1941 டிசம்பரில் பினாங்கில் நடந்ததைச் சொல்லட்டுமா? ஜார்ஜ் டவுனில் குண்டு விழுந்த கையோடு வெள்ளைக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பலேறினார்கள். ஆசியர்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த யூனியன் ஜாக்கை இறக்கியது யார்? ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ ஆசிரியர் சரவணமுத்து. யாழ்ப்பாணத் தமிழர். ஊரில் பட்டாளம் இல்லை, இனிக் குண்டு போடாதே என்று வானொலியில் சொல்ல வைத்தவரும் அவர்தான். அவருக்கு விநோத சக்தி ஒன்றும் கிடையாது. சைக்கிளும் கிடையாது.

கணக்கப்பிள்ளை | 11.06

கவனிக்கவும்: “சைக்கிளும் கிடையாது.” ஆசிரியர் பதவியில் இருந்தவருக்கே கிடையாது என்கிறார். காளிமுத்துவுக்கு?

கிராணி வீட்டுப் பிள்ளை | 11.07

ஐயா, அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. அவர் காடி வைத்திருந்திருப்பார்.

கணக்கப்பிள்ளை | 11.08

ஆக, உங்கள் ஆளுக்குக் காடி, காளிமுத்துவுக்குச் சைக்கிள். யுத்த காலத்தில் தமிழர்கள் இவ்வளவு வசதியாக இருந்தார்கள் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

ஆயர் ஈத்தாம் அம்மணி | 11.20

ஒரு விஷயம் கேட்கிறேன், யாராவது சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு இங்கே தண்ணீர்மலைக்கும் அங்கே பத்துமலைக்கும் ஆட்கள் போகிறார்கள். நாக்கில் வேல், கன்னத்தில் வேல், முதுகில் கொக்கி போட்டு ரதம் இழுக்கிறார்கள். சொட்டு ரத்தம் வருவதில்லை என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்கிறோம். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்களும் அதில் உண்டு. சாமானிய மனிதன், விநோத சக்தி, இரண்டும் அங்கேயே இருக்கிறது. அன்றைக்கு வேல் குத்தியவன் மறுநாள் காலை பெரட்டில் நின்றான். துரை வந்ததும் இறங்கினான். வேலுக்கு அசையாத உடம்பு எதற்கு ஒரு தொப்பிக்கு அசைந்தது? இதைத்தான் கதை தொட்டிருக்க வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் அதை விட்டுவிட்டு இரண்டு மணி நேரமாக ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

ராத்திரி ஷிப்ட் | 11.24

அக்கா, சூப்பர்.

கணக்கப்பிள்ளை | 11.35

அம்மா நல்ல இடத்துக்கு வந்தீர்கள். காவடிக்காரனிடம் நான் ரசீது கேட்கமாட்டேன். ஏன் தெரியுமா? வேலும் அலகும் அவன் கையில் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். கோயில், விரதம், குடும்பம், நேர்த்திக்கடன். காரணம் இருக்கிறது. காளிமுத்துவின் சைக்கிளுக்கு என்ன காரணம்?

பக்கத்து வீட்டுக் கதைகளையும் பாருங்கள். சபாவில் மாட் சாலே, குண்டு துளைக்காத உடம்பு என்று நம்பினார்கள். 1900-இல் தம்புனானில் சுட்டுக் கொன்றார்கள். கிளந்தானில் தோக் ஜாங்குட், அவருக்கும் அதே பேர். 1915-இல் கொன்று, கோத்தா பாருவில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். பகாங்கில் மாட் கிலாவ், அவர் செத்துவிட்டார் என்று வெள்ளைக்காரன் ஏட்டில் எழுதி வைத்திருக்க, 1969 கடைசியில் வந்து ‘நான்தான் அது’ என்றார், அடுத்த வருஷம் காலமானார். மூன்று பேரும் வரி, நிலம், அதிகாரம் என்று எதிர்த்தவர்கள். மூன்று பேர் கதையிலும் ஆயுதம் எங்கிருந்து வந்தது, ஆள் யார் கொடுத்தார் என்று சொல்கிறார்கள். ஒருத்தரும் திடீரென்று சைக்கிளில் வரவில்லை.

செந்தூல் பேரன் | 11.41

கிலாவ் காட்டுக்குள்ளே இருந்தாரே, தினமும் அரிசி எங்கிருந்து வந்தது? கேட்டீர்களா? கேட்கமாட்டீர்கள். மதுரை வீரனுக்கு மாறுகால் மாறுகை வாங்கினார்கள், அந்தக் கத்திக்குச் சாணை பிடித்தது யார் என்று கேட்டீர்களா? தோட்டத்துக்குத் தோட்டம் வீரனும் முனியாண்டியும் நிற்கிறார்கள், கையில் அரிவாள் எந்தப் பட்டறை? உங்கள் கேள்வி எல்லாம் பக்கத்து வீட்டுத் தமிழனுக்கு மட்டும்தான். கதை எழுதியவன் செந்தூலில் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் வேலை செய்கிறான் என்று தெரிந்ததும் ரசீது கேட்கத் தோன்றுகிறது.

கணக்கப்பிள்ளை | 11.43

நீங்கள் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் வேலை என்று இப்போதுதான் தெரியும். அங்கே இருந்துகொண்டே சைக்கிள் எப்படி வந்தது என்று சொல்லத் தெரியவில்லை என்றால் இன்னும் வருத்தம்.

பட்டர்வொர்த் பாலா | 11.44

ஐயோ 😂 செங்கல்லால அடிச்சிட்டாரு.

செந்தூல் பேரன் | 11.52

சிரிங்க பாலா. இந்த ஆள் யார் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது, நான் சொல்கிறேன். தீபாவளிச் சிறுகதைப் போட்டி ஒன்றில் இவர் நடுவர். நான் அனுப்பிய கதையை முதல் சுற்றிலேயே தூக்கி எறிந்தார். காரணம் என்ன எழுதினார் தெரியுமா? ‘கதாநாயகன் பஸ்ஸில் ஏறும்போது டிக்கெட் எடுப்பதாகக் குறிப்பு இல்லை.’ முதல் பரிசு யாருக்குப் போனது என்று நான் சொல்லமாட்டேன், இவரே சொல்லட்டும். அன்றிலிருந்து நான் எதைப் போட்டாலும் இந்த ஆள் கீழே வந்து நிற்கிறார்.

கணக்கப்பிள்ளை | 11.58

டிக்கெட் எடுக்கவில்லைதான். இன்றுவரை எடுக்கவில்லை. கதையை நான் இன்னமும் வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் போடுகிறேன், மக்கள் படித்துச் சொல்லட்டும். பரிசு என் மைத்துனனுக்குப் போனது என்று சொல்ல வருகிறீர்கள். நன்றாக எழுதினான், போனது. அவன் கதையில் எல்லாருக்கும் டிக்கெட் இருந்தது.

நெறியாளர் | நள்ளிரவு 12.05

அன்பர்களே, தனிப்பட்ட விஷயங்கள் வேண்டாம். தலைப்பு: எளிய மனிதனும் விநோத சக்தியும், தோட்டத்துக் கதை. தலைப்புக்குள் பேசவும்.

பட்டர்வொர்த் பாலா | 12.09

தலைப்புக்குள்தான் பேசுறோம் நெறியாளரே, தலைப்பு சைக்கிளில் போய்விட்டது.

சும்மா சொல்லலை, எங்கள் வடக்கில் இதைவிடப் பெரிய விஷயம் நடந்தது, கேஎல் ஆட்கள் பேசவே மாட்டார்கள். யுத்தம் முடிந்து கெடாவில் தொண்டர் படை. பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டம், ஏ. எம். சாமி முன்னால் நின்றார். கள்ளுக்கடையை எதிர்த்துத்தான் ஆரம்பம். காக்கி உடுப்புப் போட்டு வரிசையாக நடந்தார்கள். 1947-இல் போலீஸ் வந்து அடித்து நொறுக்கியது. அவர்களுக்குச் சக்தி என்ன? குடிக்கமாட்டேன் என்றார்கள். தோட்டத்து முதலாளிக்கு அதைவிடப் பயங்கரமான சக்தி கிடையாது. காளிமுத்து கள்ளுக்கடைக் கடன்காரன். இவனா வீரன்?

செந்தூல் பேரன் | 12.13

பாலா, நீங்களுமா?

பட்டர்வொர்த் பாலா | 12.14

உண்மையைச் சொன்னேன்ண்ணே. கேஎல் காரன் எழுதினா கிள்ளான்தான் உலகம். வடக்கே வந்து பாருங்க. நாசி கண்டார் மட்டும் சாப்பிட வருவீங்க.

கிராணி வீட்டுப் பிள்ளை | 12.17

கேஎல் நாசி கண்டாரைக் குறை சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. அதைத் தனித் தலைப்பாக வைத்துக்கொள்வோம்.

புடு பழையவன் | 12.26

ஒரு ஓரமாக வாசித்துக்கொண்டிருந்தேன், பொறுக்கவில்லை. எஸ். ஏ. கணபதி. தஞ்சாவூரில் பிறந்தவர், இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர், அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். துப்பாக்கி வைத்திருந்தார் என்று சொல்லி 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். அதற்கு முந்தின நாள் வீரசேனனைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சிறை நின்ற இடத்தில் இப்போது ஜப்பான்காரப் பேரங்காடி, பழைய வாசல் மட்டும் நிற்கிறது. சனிக்கிழமை குடும்பத்தோடு போய் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறீர்கள். ரத்தமும் சதையுமாக ஆள் இருக்கும்போது உங்களுக்கு ஏன் மந்திரச் சைக்கிள்?

கணக்கப்பிள்ளை | 12.29

மந்திரச் சைக்கிள் என்று ஒத்துக்கொண்டதற்கு நன்றி. மந்திரத்தால் வந்தது என்றால் நான் விலை கேட்கமாட்டேன். ஆனால் ஆசிரியர் அப்படி எழுதவில்லை. சக்தி ஆளுக்குத்தான், சைக்கிள் சாதாரணச் சைக்கிள். ஆகவே கேள்வி அப்படியே இருக்கிறது.

புடு பழையவன் | 12.31

நான் கணபதியைப் பற்றிச் சொன்னேன்.

கணக்கப்பிள்ளை | 12.32

மரியாதைக்குரியவர். அவர் கையில் இருந்தது துப்பாக்கி என்று அரசு வழக்குப் போட்டது, அந்தத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று நீதிமன்றமே கேட்டிருக்கும். காளிமுத்துவை நான் கேட்கக் கூடாதா?

செந்தூல் பேரன் | 12.40

தூக்குக்குப் போனவரைக்கூட சைக்கிள் ஸ்டாண்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் பார்த்தீர்களா? இவருக்கு வேண்டியது பதில் இல்லை. தோட்டத்துக்காரன் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதை இவரால் கதையில்கூடப் பார்க்க முடியவில்லை. காளிமுத்துவை இறக்கத் தண்டல் நாலு பேர் இழுத்தார்கள், ஐந்தாவதாக இவர் வந்திருக்கிறார்.

கணக்கப்பிள்ளை | 12.55

வசனம் நன்றாக இருக்கிறது. கதையில் இதுபோல் ஒன்றுகூட இல்லை என்பதுதான் குறை.

நான் எங்கே பிறந்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா? லயத்து வீட்டில், தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீட்டில். என் அப்பா ரப்பர் பால் வாளி தூக்கியவர். பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடியில் இருப்பதால் நான் துரை ஆகிவிட்டேனா? தோட்டத்தில் ஒரு சைக்கிள் வந்தால் அது யார் வீட்டுச் சைக்கிள், யார் சீட்டு எடுத்து வாங்கினார், யார் மனைவியின் தோடு அடகில் இருக்கிறது என்று லயமே பேசும். பால் கொட்டகையில் பேசுவார்கள். அதைத்தான் எழுது என்கிறேன். அந்தத் தோடு இல்லாமல், அந்தச் சீட்டு இல்லாமல், சும்மா ஒரு சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தி அதில் ஒரு சக்தியை ஏற்றி உட்காரவைத்தால் அது எந்த ஊர் சைக்கிள் வேண்டுமானாலும் இருக்கலாம். துரைக்கு எரிந்தது எதனால் என்று நினைக்கிறீர்கள்? கூலிக்காரன் இறங்காததாலா, அவன் அதை வாங்கியதாலா?

ஆயர் ஈத்தாம் அம்மணி | 1.02

அதை ஒன்பதரை மணிக்கே சொல்லியிருக்கலாமே.

அப்புறம், தோடு யாருடையது? மனைவியுடையது. சைக்கிளில் உட்கார்ந்து வீரனாவது யார்? சரி.

கணக்கப்பிள்ளை | 1.04

நான் முதலிலிருந்து அதைத்தான் சொல்கிறேன். சைக்கிள் யாருடையது என்று கேட்டால் வேறென்ன அர்த்தம்?

செந்தூல் பேரன் | 1.06

இல்லை. நீங்கள் எழுதியது ‘நம் ஆட்களுக்குக் கற்பனை வராது.’ மேலே இருக்கிறது, அழிக்காதீர்கள். தோடு கீடு என்று இப்போது என் கதையை உங்கள் கதையாக மாற்றி எழுதிக் கொடுக்கிறீர்கள். அடுத்த போட்டிக்கு மைத்துனன் பெயரில் அனுப்புவதற்கா?

கணக்கப்பிள்ளை | 1.08

பார்த்தீர்களா நெறியாளரே, குடும்பத்தை இழுக்கிறார்.

கிராணி வீட்டுப் பிள்ளை | 1.10

என் குடும்பத்தை இழுத்தபோது நெறியாளர் எங்கே போனார்? வெற்றிலை எச்சிலை எடுத்துவிட்டால் நானும் போய்த் தூங்குவேன்.

செந்தூல் பேரன் | 1.11

எடுக்கமாட்டேன்.

ராத்திரி ஷிப்ட் | 1.15

இப்பதான் பிரேக் டைம், மேலே எல்லாம் படிச்சேன். அண்ணே, என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை. சக்தி ஆள்கிட்டயா சைக்கிள்லயா? மரம் சீவ இறங்கினா பிடிச்சிடலாமே? துரைக்கு இது தெரியாதா? ஃபேக்டரியில் எங்க சூப்பர்வைசரா இருந்தா பக்கத்துலயே நின்னு, இறங்குற வரைக்கும் காத்திருந்து மெமோ கொடுப்பாரு.

பட்டர்வொர்த் பாலா | 1.17

தம்பி, உங்க சூப்பர்வைசர் துரையைவிட புத்திசாலி. கதையே முடிஞ்சது போங்க.

செந்தூல் பேரன் | 1.20

அதனால்தான் காளிமுத்து இறங்குவதே இல்லை! மூன்று நாள் சைக்கிளிலேயே இருக்கிறான். கதையைக் கடைசிவரை யாராவது படித்தீர்களா?

கணக்கப்பிள்ளை | 1.23

மூன்று நாள் மரம் சீவவில்லை, ஆக மூன்று நாள் கூலி இல்லை. 13 வெள்ளியில் ஒன்றரை வெள்ளி போயிற்று. சைக்கிள் இன்னும் தூரம் போகிறது.

ஆயர் ஈத்தாம் அம்மணி | 1.30

போதும். என் கதையை நான் நாளைக்குப் போடுகிறேன். 40 காசுக்காரி. வேல் குத்தினால் ரத்தம் வராதவள், திட்டினால் காது கேட்காதவள். பெரட்டுக்கு நடந்துதான் வருவாள். கணக்கப்பிள்ளை ஐயா, செருப்பு யாருடையது என்று கேட்டுக்கொண்டு வராதீர்கள்.

கணக்கப்பிள்ளை | 1.32

1941-இல் செருப்பா?

ஆயர் ஈத்தாம் அம்மணி | 1.32

நான் 1941 என்று எங்கே சொன்னேன்?

கணக்கப்பிள்ளை | 1.34

40 காசு என்றீர்களே அம்மா. வருஷத்தை மாற்றினால் கூலியையும் மாற்ற வேண்டும். நாளை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்?